பெயர் எழுதாத பாட்டில்

செல் வளர்க்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது பெரியவளின் முதுகுதான். காற்றைச் சலித்து உள்ளே விடும் கண்ணாடி மேசைக்கு ஹூட் என்று பெயர். அதன் முன்னால் இரண்டு கைகளையும் உள்ளே விட்டபடி உட்கார்ந்திருப்பாள். வந்தவர் லேசாகச் செருமினால், திரும்பாமலே கேட்பாள்.

"கை கழுவியாச்சா?"

"கழுவிட்டேன்."

"சோப்பு போட்டா, தண்ணியைக் காட்டினியா?"

ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகள் அவளுக்கு 'டெட்டால்' என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்த ஒருவனுக்கு மட்டும், செல்களைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் பெட்டியில் மூன்று மாதம் ஒரு தட்டுகூடக் காலியாகவில்லை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கட்டடத்தின் பின்பக்கம் கண்ணாடிப் பாட்டில் கழுவ வந்தவள். பேருந்து ஓட்டுநரின் மூன்று பெண்களில் நடுவள்; பள்ளிப் படிப்போடு நிறுத்தப்பட்டவள். கழுவிய பாட்டில்களைக் கொண்டுபோய் வைக்கும்போது, செல்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தொடர் விடுமுறையில் அறையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் வராமல் போனார். நாற்பது குடுவைகளில் செல்களின் தீனி தீர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தீனி சிவப்பு நிறத்தில் ஒரு திரவம். மீடியா என்பார்கள். செல்கள் தின்னத் தின்ன அது மஞ்சளாகும். மஞ்சளானதைக் கண்ணாடி வழியே பார்த்தவள், யாரையும் கேட்காமல் உள்ளே போய் நாற்பதுக்கும் மாற்றி ஊற்றினாள். ஒன்றும் சாகவில்லை. திங்கட்கிழமை நல்ல திட்டு வாங்கினாள். அடுத்த மாதம் அந்த அறை அவளுக்குக் கிடைத்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வாக்கியம் சொத்தாகச் சேர்ந்தது. "என் கையில ஒரு பாட்டில் கெட்டதில்லை." வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

அந்த அறையில் பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு மட்டுமல்ல. பூஞ்சை வந்தால் குடுவை கலங்கிப்போகும், கண்ணுக்குத் தெரியும், கொட்டிவிடலாம். ஒரு வகைச் செல் இன்னொரு வகைக்குள் விழுந்தால் எதுவும் தெரியாது. எல்லா ஆய்வுக்கூடத்திலும் இருப்பதுபோல அங்கேயும் ஒரு வேகமான வகை இருந்தது. புதிதாக வருகிறவர்கள் கை பழகுவதற்காக வைத்திருந்தார்கள். பேர் முரடன். முரடனில் ஒரு துளி வேறொரு குடுவையில் விழுந்தால் போதும். ஒரே மாதத்தில் அங்கிருந்த சாதுச் செல்களின் சாப்பாட்டையும் இடத்தையும் பிடுங்கிக்கொண்டு, குடுவை முழுக்க அவனே நிற்பான். வெளியே ஒட்டிய சீட்டில் மட்டும் பழைய பேர் அப்படியே இருக்கும்.

அதனால் சட்டங்கள். ஒரு நேரத்தில் ஹூட்டுக்குள் ஒரு வகைதான். ஒவ்வொரு வகைக்கும் தனி மீடியா பாட்டில். திறந்தவுடன் அதன்மேல் வகையின் பேரும் தேதியும் எழுத வேண்டும். மீடியாவை உறிஞ்சி ஊற்றும் பிப்பெட் குழாய், குடுவைக்குள் போனபின் திரும்பப் பாட்டிலுக்குள் போகக் கூடாது. இதை மீறியவர்களைப் பெரியவள் அழ வைத்திருக்கிறாள்.

சின்னவள் வந்த பிறகு அழ வைக்க முடியாத ஒருத்தி அறைக்குள் வந்துவிட்டாள். பெரியவளின் கொழுந்தன் பெண்டாட்டி அவள், அதாவது ஓரகத்தி. முனைவர் பட்டத்தோடு கல்யாணமாகி வந்து ஆறு வருஷம். அதே ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்து மூன்று வருஷம். வீட்டில் கீழ்த்தளம் பெரியவளுக்கு, மாடி சின்னவளுக்கு. வீட்டில் சின்னவள் இவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இவள் அவளை மேடம் என்று கூப்பிட வேண்டும். இரண்டு பேருக்கும் இரண்டுமே வாயில் வரவில்லை. வீட்டில் "இங்க பாருங்க" என்று தொடங்குவாள் சின்னவள். ஆய்வுக்கூடத்தில் பெரியவள் சுவரைப் பார்த்துப் பேசுவாள்: "இன்குபேட்டர் கதவை அவ்வளவு நேரம் திறந்து வெச்சா உள்ள இருக்கிறதுக்குக் குளிரும்னு யாராவது சொன்னா தேவலை."

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் அதுவும் நின்றது. சின்னவள் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோனாள். தொட்டி நிரம்பி வழிந்து, கீழே கொடியில் காய்ந்துகொண்டிருந்த பெரியவளின் துணியெல்லாம் நனைந்தது.

"மோட்டாரைப் போட்டா நிறுத்தணும்னு பி.எச்.டி-ல சொல்லித் தரலையா?" என்று மாடியைப் பார்த்துக் கத்தினாள் பெரியவள்.

மாடியிலிருந்து பதில் உடனே வந்தது. "பாட்டில் கழுவுறவங்களுக்குத் தண்ணி புதுசா என்ன? திரும்ப அலசிப் போடுங்க."

அண்ணன் தம்பி இரண்டு பேரும் அப்போது வீட்டில்தான் இருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்ததற்கு அடையாளமாக இரண்டு பேரும் ஒரே மாதிரி செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு எட்டு மாதம் பேச்சு வார்த்தை இல்லை. ஆய்வுக்கூடத்தில் சொல்ல வேண்டியதை இன்குபேட்டர் கதவில் சீட்டாக ஒட்டினார்கள். சீட்டுகளிலும் 'தங்கள்' 'தாங்கள்' என்று இருக்கும். எதிரிக்கு எழுதும்போதுதான் மனிதர்களுக்கு அவ்வளவு மரியாதை வருகிறது.

சின்னவளின் ஆராய்ச்சி ஒரு நோயாளியின் சிறுநீரகக் கட்டியிலிருந்து எடுத்த செல்களில். மகா சோம்பேறிச் செல்கள்; இரட்டிப்பாக ஒரு வாரம் எடுக்கும். இரண்டு வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஏப்ரலில் அவை திடீரென்று வேகம் பிடித்தன. ஒரே நாளில் இரட்டிப்பாயின. தான் கொடுத்த மருந்தால் செல்லின் குணமே மாறிவிட்டது என்று சின்னவள் குதித்தாள். கட்டுரை எழுதினாள். அந்தக் கட்டுரையை வைத்து நவம்பரில் வேலையை நிரந்தரமாக்குவதாக ஏற்பாடு.

அக்டோபரில் ஒருநாள் சின்னவள் மைக்ராஸ்கோப்பில் வைத்து மறந்துபோன குடுவையைப் பெரியவள் பார்த்தாள். சிறுநீரகச் செல் பெரிதாக, பரந்து, சோம்பலாகப் படுத்திருக்கும். இவை நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின் விலாவில் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. இத்தனை வருஷமாக அவள் தீனி போட்ட முகம்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாரக் கூட்டம் வரும்வரை பொறுத்திருந்தாள். எல்லோரும் இருக்கையில் சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் துறைத் தலைவருக்கு 'பார்க்கலாம் சார்' என்று பேர். எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். சின்னவள் படங்களைக் காட்டி முடித்ததும் பின்வரிசையிலிருந்து பெரியவள் எழுந்தாள்.

"சார், அது சிறுநீரகம் இல்ல. முரடன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மருந்து கொடுத்ததும் குணம் மாறிச்சாம். குணம் மாறல சார், ஆளே மாறியிருக்கு. ஒரே பாட்டில்ல ரெண்டுக்கும் ஊத்தினா இப்படித்தான். பாட்டில் கழுவுறவளுக்கே தெரியுது."

சின்னவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "சார், கண்ணால பார்த்துச் சொல்றதெல்லாம் விஞ்ஞானம் கிடையாது."

"கண்ணே இல்லாம பார்க்கிறதுதான் விஞ்ஞானமாக்கும்."

"பார்க்கலாம்," என்றார் தலைவர்.

நிஜமாகவே பார்த்தார்கள். நைட்ரஜன் தொட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறைய வைத்த சிறு குப்பிகள் தேதியோடு இருந்தன. அவற்றிலிருந்து ஒவ்வொன்றை எடுத்து டி.என்.ஏ அடையாளச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது. ஜனவரிக் குப்பியில் நோயாளியின் செல். ஏப்ரல் குப்பியில் முரடன், சுத்தமாக முரடன் மட்டும். நடுவில் மீடியா மாற்றியது எல்லாம் சின்னவளின் கையெழுத்தில். ஏப்ரலிலிருந்து செய்த அத்தனையும் குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவள் வேலையைப் பற்றி முடிவு செய்வதாகச் சொன்னார்கள்.

வியாழன் பிற்பகல் பெரியவள் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எந்தப் பாட்டிலை எப்போது திறந்தாள் என்று, அறை கைக்கு வந்த நாளிலிருந்து எழுதி வந்தவள். தன் பக்கம் எவ்வளவு சுத்தம் என்று வெள்ளிக்கிழமை விரித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. மார்ச் மாதத்தைப் புரட்டினாள். எல்லா வரியிலும் தேதி, நேரம், வகை. ஒரு வரியில் மட்டும் தேதி, நேரம், 'புது பாட்டில் திறந்தது'. வகை எழுதும் கட்டம் காலி.

வியாழக்கிழமை. துணி நனைந்த வியாழக்கிழமை.

அன்றைக்கு வந்தவுடன் முரடனுக்குத்தான் மீடியா மாற்றினாள். காதில் 'பாட்டில் கழுவுறவங்க' ஓடிக்கொண்டிருந்தது. பதிலுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே கை வேலை செய்தது. ஒரு நல்ல பதில் கிடைத்த இடத்தில், குடுவைக்குள் போன பிப்பெட்டை அப்படியே பாட்டிலுக்குள் விட்டாள். விட்டது இப்போது கண்முன் தெரிந்தது. பேர் எழுதாமல் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தாள். மறுநாள் தேதியில் சின்னவளின் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அதைப் போய்ப் பார்த்தாள். இருந்தது: 'ஃப்ரிட்ஜில் இருந்த புதிய பாட்டில்.'

பெரியவள் நோட்டை மூடினாள். இந்த வரியை யாரும் கேட்கப் போவதில்லை. பாட்டில் கழுவுகிறவளின் நோட்டை இத்தனை வருஷத்தில் யாரும் புரட்டியதே இல்லை. நாளைக்குச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மாடியிலிருந்து அந்தக் குரல் இனி எழும்பாது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்தும் பார்த்தாள். இனிக்கவில்லை. சின்னவள் தப்பு செய்திருக்க வேண்டும் என்றுதான் அவள் எட்டு மாதமாக விரும்பினாள். தப்பு செய்தவள் என்று பேர் மட்டும் வாங்கினால் அது என்ன ஜெயிப்பு? வெறுப்பதற்கும் கை சுத்தமாக இருக்க வேண்டியிருக்கிறது. இதை நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டால் அவளைப் புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

சின்னவள் தன் மேசையில் உட்கார்ந்து காகிதங்களை அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள் நோட்டைத் திறந்து அந்தப் பெட்டியின் மேலேயே வைத்தாள்.

"இந்தா, படி."

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை. சின்னவள் படித்தாள். திரும்பப் படித்தாள்.

"வகை எழுதலையே."

"எழுதல."

"பிப்பெட்?"

"திரும்ப விட்டேன்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை. ரெண்டாவும் இருக்கலாம். உன் நினைப்பாவே இருந்தேன், எண்ணல."

சின்னவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அத்தனை பேர் முன்னாடி என்னை நார் நாராக் கிழிச்சீங்களே, அப்ப இது தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் மெதுவாக் கிழிச்சிருப்பேன்."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு. அது என் பாடு. பேர் இல்லாத பாட்டிலை எடுத்தவ நீ. இது யாருதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?"

"யார்கிட்ட கேக்கிறது? உங்ககிட்டயா? கேட்டிருந்தா வாயைத் திறந்திருப்பீங்களா?"

பெரியவள் யோசித்தாள். "மாட்டேன்," என்றாள்.

"அப்புறம் என்ன?"

"நாளைக்கு நானே சொல்லிடறேன்."

"உங்க தயவு எனக்கு வேண்டாம்."

"தயவா? உனக்கா? என் நோட்டு, என் தப்பு, நான் சொல்றேன். நீ வேணும்னா காதைப் பொத்திக்கோ."

வெள்ளிக்கிழமை அவள் சொல்லி முடித்தபோது தலைவரின் வாயில் 'பார்க்கலாம்' வரவில்லை. யோசித்துத்தான் முடிவு சொன்னார். கட்டுரையை அனுப்பக் கூடாது. சின்னவளின் வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. பெரியவளிடமிருந்து அறைச் சாவி வாங்கப்பட்டது. போன வருஷம் சேர்ந்த ஒருத்தியிடம் அது போயிற்று. பெரியவள் கை கழுவச் சொல்லி அழ வைத்த பெண்தான் அவள். 'என் கையில ஒரு பாட்டில் கெட்டதில்லை' என்ற வாக்கியத்தைப் பெரியவள் இனி யாரிடமும் சொல்ல முடியாது. அது போன பிறகு அவளுக்குப் பேச அதிகம் விஷயமில்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள்.

அதற்கு முந்திய குப்பிகள் ஏற்கெனவே செலவாகியிருந்தன; ஜனவரியில் உறைய வைத்தது இரண்டு குப்பி. ஒன்று சோதனைக்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்று. அதைச் சரியாகக் கரைத்து எடுத்தால் சின்னவள் முதலிலிருந்து தொடங்கலாம். செத்தால் தொடங்க ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குப்பியைப் பிடித்து, உள்ளே பட்டாணி அளவு பனி மிச்சமிருக்கும்போதே எடுத்து, சொட்டுச் சொட்டாக மீடியாவில் விட வேண்டும். சின்னவளின் கை அவசரக் கை. அது அவளுக்கே தெரியும்.

திங்கட்கிழமை, புதியவள் திறந்துவிட்ட அறையில் ஹூட் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவளின் பக்கத்தில் சின்னவள் வந்து நின்றாள்.

"நீங்க கரைச்சுக் குடுங்க. செத்துப்போனா உங்களைத் திட்டலாம்."

"பொழைச்சா?"

"அது என் செல்லு."

"நியாயம்தான்," என்றாள் பெரியவள். "கை கழுவியாச்சா?"

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தாள். பெரியவள் புது மீடியா பாட்டிலைத் திறந்தாள். பேனாவை எடுத்து, தேவைக்கு மேல் பெரிய எழுத்தில் வகையையும் தேதியையும் எழுதி, அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படி."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"சத்தமாப் படி."

சின்னவள் படித்தாள். பெரியவள் தலையசைத்துவிட்டு, குப்பியைத் தண்ணீருக்குள் இறக்கினாள். பனி கரைந்து பட்டாணியாகும்வரை இரண்டு பேரும் அந்த ஒரே குப்பியைப் பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.