அரை மில்லிமீட்டர்

சூடு எங்கே போகும்? கம்ப்யூட்டர் கட்டித் தரச் சொல்லி வருகிற எவரிடமும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். என்ன வேலைக்கு, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் பிறகு. பெட்டியை எந்த அறையில் வைப்பீர்கள், சுவரிலிருந்து எத்தனை விரல் தள்ளி, ஜன்னல் எந்தப் பக்கம், பெட்டிக்குப் பின்னால் யாராவது உட்காருவார்களா என்று வீடு வாடகைக்கு விடுகிறவர் மாதிரி விசாரிப்பார். "உள்ள இருக்கிற சூட்ட அழிக்க முடியாது சார். வெளிய தள்ளத்தான் முடியும். அப்போ வெளிய யாரு இருக்காங்கன்னு பாக்கணும்ல?" என்பார். இதே கேள்வியை அவருடைய வாழ்க்கை அவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிய ஆறு வருடம் ஆயிற்று.

மின்சாதனக் கடைகள் மட்டுமே உள்ள ஒரு மூன்று மாடிக் கட்டடம். முதல் மாடியில் படியேறி இடப்பக்கம் நாலாவது கடை அவருடையது. அங்கே அவருக்குப் பெயர் காத்தண்ணன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கண்ணாடி மூக்கின் மேல், இன்னொன்று நெற்றியின் மேல். சட்டைப்பையில் பேனா கிடையாது. மெல்லிய காகிதக் கீற்றுகள் இருக்கும். கட்டி முடித்த பெட்டியை ஓடவிட்டு, ஒரு கீற்றை முன்பக்கம் பிடிப்பார். அது உள்ளே இழுபட வேண்டும். பின்பக்கம் பிடிப்பார். அது வெளியே படபடக்க வேண்டும். படபடக்காவிட்டால் யார் மீதாவது விழுந்து பிடுங்குவார்.

வாடிக்கையாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ப்ராசசரின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடும் கூலர்தான் வேண்டும் என்று அடம்பிடித்த ஒருவரிடம், "உனக்குக் கம்ப்யூட்டர் வேணுமா, மீன் தொட்டி வேணுமா? மொதல்ல அத முடிவு பண்ணிட்டு வா" என்றார். பக்கவாட்டில் கண்ணாடியும் உள்ளே வண்ண விளக்குகளும் கேட்ட ஒரு டாக்டரிடம், "உள்ள என்ன நாடகமா நடக்குது, நாற்காலி போட்டு உக்காந்து பாக்க?" என்றார். நான் வேகமான ப்ராசசர் ஒன்றைக் காட்டிக் கேட்டபோது என்ன வேலை என்று விசாரித்தார். எழுதுகிறேன் என்றேன். "எழுதறதுக்கு இவ்ளோ சூடு ஆகாது சார்" என்று அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, அதற்கு இரண்டு படி கீழே உள்ளதை எடுத்துக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். இன்றுவரை அது போதுமானதாக இருக்கிறது.

தேர்ந்தெடுப்பதில் அவருக்கு நிகராக அந்த மாடியில் யாருமில்லை என்று சொல்வார்கள். நான் இப்படிப்பட்ட பேச்சுகளைப் பாதி கழித்துத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் கண்ணாடி மேசையின் மீது அவர் பாகங்களை அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டை வைப்பார். பக்கத்தில் பவர் சப்ளையை வைப்பார். ஒரு கணம் பார்த்துவிட்டு, "இவன் தின்னுற தீனிக்கு இது அரை வயித்துக்குத்தான் ஆகும்" என்று பெரியதாக மாற்றுவார். கூலரின் உயரத்தையும் கேபினெட்டின் அகலத்தையும் விரல்களாலேயே அளந்துவிடுவார். சந்தேகம் என்ற ஒன்று அந்த முகத்தில் வந்து நான் பார்த்ததில்லை. அது திறமையா குறையா என்று அப்போது என்னால் சொல்ல முடிந்திருக்காது.

தேர்ந்தெடுப்பது அவர், பூட்டுவது அவருடைய தம்பி. பதினாறு வருடம் அப்படித்தான் நடந்தது. முன்னால் கண்ணாடி மேசை, நடுவில் இரும்பு அலமாரி, அதன் பின்னால் ரப்பர் விரிப்புப் போட்ட வேலைமேசை. தம்பி அதிகம் பேசமாட்டார். அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர். ஸ்க்ரூக்களை வரிசையாக முறுக்காமல் மூலைக்கு மூலை மாற்றி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வருவார். அந்த வேலையை அலமாரி இடுக்கு வழியாகப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் அதிக நேரம் நின்றிருக்கிறேன்.

காத்தண்ணனுக்கு இன்னொரு வித்தையும் உண்டு. பழைய கூலரைக் கழற்றியதும் அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பார். ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவும் சாம்பல் நிறப் பசை அங்கே அழுந்திக் கிடக்கும். அந்தத் தடத்தை வைத்தே, "இத மாட்டுனவன் அவசரக்காரன். மேல் ஸ்க்ரூவ முழுசா முறுக்கிட்டுத்தான் கீழ வந்திருக்கான்" என்று சொல்லிவிடுவார். தடம் பொய் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

நாலு வருடத்துக்கு முன்பு, கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஒரு அம்மா பெரிய கம்ப்யூட்டர் ஒன்று கேட்டு வந்தார். பாகங்கள் எல்லாம் அண்ணனே பொறுக்கி எடுத்தார். கூலர் வந்த பெட்டியில், அதை மதர்போர்டில் நிறுத்துவதற்கான நாலு பித்தளைக் கால்கள் இல்லை. கடையின் இழுப்பறையில் இப்படி மிஞ்சிய கால்கள் நிறையக் கிடக்கும். துழாவி நாலை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, லேசா ஆடுது" என்றார்.

"நாலு ஓட்டையும் பொருந்துதா?"

"பொருந்துது. ஆனா ஆடுது."

"ஆடுறது கூலர் இல்லடா, உன் கை. முறுக்கு."

தம்பி முறுக்கினார். அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு மாதத்தில் மூன்று முறை திரும்பி வந்தது. பெரிய படம் ஒன்றைத் திறந்தால் கொதித்து அணைந்துவிடுகிறது. மூன்றாவது முறை அந்த அம்மா அழாத குறை. ஒரு வாரத்து வேலை போய்விட்டது. அன்று மாடி நிறையக் கூட்டம். காத்தண்ணன் பெட்டியின் பின்புறம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் தம்பியைப் பிடித்துக்கொண்டார். பதினாறு வருடம் கற்றுக்கொடுத்தும் பசை தடவத் தெரியாத ஆட்டக்கை, கத்தரிக்காய் நறுக்கக்கூட லாயக்கில்லாத கை என்று வாய்க்கு வந்தபடி போயிற்று. தம்பி கூலரைக் கழற்றி, அடியைத் திருப்பி, அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினார். "தடத்தைப் பாருங்க அண்ணே."

"நீ எனக்குத் தடம் காட்டுறியா?"

பார்க்கவில்லை. தட்டிவிட்டார். வேறொரு பெரிய கூலரைப் பிரித்து, அதனுடன் வந்த கால்களை வைத்துத் தாமே மாட்டினார். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. அதன் பிறகு யாருக்கு என்ன சந்தேகம் இருக்க முடியும்? அண்ணன் கை வைத்தார், சரியாயிற்று. தம்பி அந்த வாரமே கடையை விட்டுப் போனார். மாடியில் வேறு இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தார். அதற்குள் அவருக்கு ஆட்டக்கை என்று பெயர் ஏறியிருந்தது. சொந்த அண்ணனே சொன்ன பிறகு யார் சேர்த்துக்கொள்வார்கள்? இப்போது ஒரு கிடங்கின் வாசலில் உட்கார்ந்து வண்டி எண்களை எழுதுகிறார்.

கடந்த வருடம் யாரோ ஒருவர் விலை குறைந்த கூலர் கேட்க, காத்தண்ணன் பரணிலிருந்து அந்தப் பழைய கூலரை இறக்கினார். துடைப்பதற்காகத் திருப்பியிருக்கிறார். மூன்று வருடத்துப் பசை காய்ந்து அப்படியே இருந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தை வெட்டிப் போட்டது போல மெல்லிய பிறையாய் அழுந்தியிருந்தது. மற்ற இடமெல்லாம் தடவியது தடவியபடி, எதுவும் தொடாமல். அவர் அந்த அம்மாவின் கம்ப்யூட்டரில் இருந்த அதே வகை மதர்போர்டு ஒன்றை எடுத்து, கூலருடனேயே கிடந்த அதே கால்களை வைத்து மாட்டினார். இடுக்கில் காகிதக் கீற்றைச் செருகினார். அது தடையில்லாமல் மறுபக்கம் வந்தது. கால்கள் முந்தைய வகை போர்டுக்கானவை. அரை மில்லிமீட்டர் உயரம் அதிகம். ஓட்டைகள் மட்டும் ஒன்றுதான்.

பக்கத்துக் கடையில் கேபிளும் அடாப்டரும் விற்கும் அக்கா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "என்ன அண்ணே, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று கேட்டாராம். அவர் கீற்றை மறுபடி இடுக்கில் செருகினார். கூலர் கேட்டவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். வேறு எதையும் இவ்வளவு சுருக்கமாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. கதவைத் திறந்த தம்பி மனைவி, "வாங்க மாமா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். தம்பி ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவர் பாக்கெட்டிலிருந்து ஒரு பித்தளைக் காலை எடுத்துக் கொடுத்தார். தம்பி அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"உசரம் அதிகம்" என்றார் தம்பி.

"உனக்கு அன்னிக்கே தெரியுமாடா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னேனே அண்ணே."

கடைக்குத் திரும்பி வா, எல்லோர் முன்னாலும் நானே சொல்கிறேன் என்று இவர் கேட்டிருக்கிறார். தம்பி பதில் சொல்வதற்குள் மனைவி உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தாள். தம்பி கையில் டம்ளர் நடுங்கிச் சட்டையில் சிந்தியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. "இப்போ நிஜமாவே ஆடுது மாமா" என்றாள் அவள். "ரெண்டு வருஷமாச்சு. டாக்டர்கிட்ட போனா நரம்புல ஒண்ணுமில்லேங்கிறாரு."

இவர் தம் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

தம்பி வரவில்லையென்றால் என்ன, தம்பியின் பெயரையாவது மீட்டுவிடலாம் என்று அவர் முயன்றார். கடை கடையாகப் போனார். கூலரையும் கால்களையும் காட்டி, "தப்பு என்னுது. அவன் கை ஆடல" என்றார். நானும் ஒரு நாள் கூட இருந்தேன். எதிர்வரிசையில் மானிட்டர் விற்பவர் முழுவதையும் கேட்டுவிட்டு, அவர் தோளைத் தட்டினார். "விடுங்க அண்ணே. கூடப் பொறந்தவன் கஷ்டப்படறான்னு நீங்க பழியத் தூக்கித் தலைமேல போட்டுக்கிறீங்க. இந்தக் காலத்துல யாருக்கு வரும் இந்த மனசு?" பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். காத்தண்ணன் பித்தளைக் காலைத் தூக்கிக் காட்டி, "அளந்து பாருய்யா!" என்று கத்தினார். யாரும் அளக்கவில்லை. கேபிள் அக்கா மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன தெரியும் அண்ணே, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். அண்ணனின் பெருமை கூடியது. தம்பியின் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

பொய்யைச் சொன்னபோது ஒரு நிமிடத்தில் நம்பிய அதே ஆட்கள்தான். உண்மைக்கும் ஒரு நேரம் உண்டு, அந்த நேரம் தாண்டினால் அது பெருந்தன்மை போலத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதற்கடுத்த மாதம் முதல் அவர் பாகங்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. கடை திறந்திருக்கிறது, அலமாரி நிறையச் சரக்கு இருக்கிறது. வருகிறவர்கள் தாங்களே பட்டியல் எழுதிக் கொண்டுவர வேண்டும். அல்லது அங்கேயே நின்று பொறுக்க வேண்டும். எடுத்ததை வாங்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய், மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குகிறார். ஒருவர் கொண்டுவந்த கூலர் அவருடைய கேபினெட்டுக்குள் அடங்காது என்றால், வைத்துக் காட்டுவாரே தவிர, இதற்கு எது சரி என்று சொல்வதில்லை. பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஏன் இப்படி என்று நான் கேட்டேன், கேபிள் அக்கா கேட்டார், அவருடைய மனைவி அழுதே கேட்டாராம். சூட்டைப் பற்றியும் காற்றைப் பற்றியும் எவ்வளவோ பேசும் மனிதர், இதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது ஒரு பெண் வந்தாள். மொழிபெயர்ப்பு வேலை செய்பவளாம், முதல் கம்ப்யூட்டர். யாரோ இவர் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு கூலர் பெட்டிகளை மேசைமேல் வைத்து, "எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க அண்ணே. நீங்க சொன்னா கண்ண மூடிட்டு வாங்கிட்டுப் போயிடுவேன்" என்றாள். அவர் இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். ஒன்று அவளுக்கு எதற்கும் ஆகாது என்பது எனக்கே தெரிந்தது.

"சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே. இதா, அதா?"

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். அவள் என்னைப் பார்த்தாள், பெட்டிகளைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.  கடைசியில் அவளாகவே ஒரு பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் திரும்பினார்.