கெண்டைக்கால் இழுக்காமலிருக்க

மூன்று மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பெண் தங்கியிருந்தாள். அவள் கால் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஒருநாளும் ஜெபித்ததில்லை. அந்த அளவுக்கு நான் மோசமில்லை. ஆனால் இழுத்துக்கொண்டபோது வருத்தப்படவும் இல்லை. இதை எழுதும்போதுகூட எனக்குச் சாதகமாக ஏதாவது அகப்படுமா என்றுதான் மனசு தேடுகிறது.

நாங்கள் இரண்டு பேரும் பெண் காவலர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். முதலில் நானூறு மீட்டர். அதில் தேறினால் நீளம் தாண்டுதல், பந்து எறிதல், இருநூறு மீட்டர். எதில் சறுக்கினாலும் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எனக்கு அந்தக் காத்திருப்பும் கிடையாது. வயது வரம்பில் அதுதான் எனக்குக் கடைசி முறை. அதற்கு முன் இரண்டு தடவை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். அவளுக்கு இருபது வயது, முதல் தடவை.

அவளுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். மானாவாரி நிலத்தில் சோளமும் மொச்சையும் போடுகிற குடும்பம். காலை ஐந்தரைக்குத் திண்டுக்கல் மைதானத்தில் நிற்க வேண்டுமென்றால் அவள் ஊரிலிருந்து எந்தப் பஸ்ஸும் தோதுப்படாது. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று யாரிடமோ இதைச் சொல்லிக்கொண்டிருந்தவளை, பள்ளிக்கூடத்து டீச்சரான என் அம்மா பார்த்து, எங்கள் வீட்டில் தங்கச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே அவள் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்த மறுநாள் மைதானத்தில் அவள் ஓடியதைப் பார்த்தேன். ஷூ இல்லை. சுடிதார் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு ஓடினாள். நான் ஆறு மாதமாக எட்ட முடியாத நேரத்தைச் சும்மா எட்டிவிட்டு, மூச்சுகூட வாங்காமல் என் பக்கம் வந்து, “சரியா ஓடுனேனாக்கா?” என்று கேட்டாள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் பாராட்டாதவர். அவர் கைபேசியில் ஓடிய நேரத்தை இரண்டு தடவை பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது. இதைவிட நாகரிகமான வார்த்தை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் அவள்தான். என் அம்மா என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், அதிலும் பாதி நேரம் ‘ஏடி’. அவளை மட்டும் செல்லமாக ‘ஏத்தா’ என்பாள். அவள் தலையில் அம்மாவே எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். எனக்கு எப்போது கடைசியாகப் பின்னிவிட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அவள் பாத்திரம் கழுவினாள், மாவாட்டினாள், அம்மாவின் விடைத்தாள்களை அடுக்கிக் கொடுத்தாள். நான் செய்தால் கடமை, அவள் செய்தால் குணம்.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. கெண்டைக்கால் இழுக்காமல் பார்த்துக்கொள்ளும் வழி.

முந்தைய இரண்டு தடவையும் என்னைக் கவிழ்த்தது அதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கெண்டைக்கால் சதை கல்லாக உருண்டு மேலே ஏறும். தரையில் உட்கார்ந்து கட்டைவிரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுவேன். மாஸ்டர், “எல்லாம் பயம்” என்பார். அம்மா தைலம் தேய்ப்பாள். பக்கத்து வீட்டில் நரம்புக்கு நல்லதென்று ஏதோ வேரைக் காய்ச்சிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வாந்தி எடுத்தேன். கடைசியில் வீட்டில் சொல்லாமல் பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு அம்மாவிடம் வெளிநோயாளி வரிசையில் மூன்று மணி நேரம் நின்று போய்க் காலைக் காட்டினேன். அந்த அம்மா அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நரம்புமில்ல பயமுமில்ல தாயி. சதை களைச்சுப் போச்சு, அதான் அடம்பிடிக்குது. வெறும் வயித்துல ஓடுறியா?”

“ஆமா.”

“அம்புட்டு வேர்வையும் விட்டுட்டு வெறும் தண்ணியக் குடிப்ப?”

அதற்கும் ஆமாம் என்றேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். ஓடுவதற்கு முன்னால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் சீனியும் போட்ட தண்ணீரைக் காலையிலிருந்தே மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். எடுத்த எடுப்பில் வேகம் கூடாது, மெல்ல ஓடிச் சதையைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலைக் கீழே இறக்கி முப்பது எண்ணும்வரை நிற்க வேண்டும், தினமும் இரண்டு வேளை. ஒருநாள் வேகமாக ஓடினால் மறுநாள் மெல்ல. ஒரே வாரத்தில் சுற்றுகளை எக்கச்சக்கமாகக் கூட்டக் கூடாது. இவ்வளவுதான். செய்ய ஆரம்பித்து ஒரு மாதத்தில் எனக்கு இழுப்பு நின்றுபோனது.

இதெல்லாம் அவள் வருவதற்கு முன்பே நடந்தது. வந்த பிறகு இதை நான் முழு ரகசியமாக்கினேன். உப்புத் தண்ணீரை அவள் குளிக்கப் போகும் நேரத்தில் கலந்து, வெளியே தெரியாதபடி எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றிக்கொள்வேன். குதிகால் இறக்குவதை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் படியில் செய்வேன். துணி காயப்போடப் போகிறேன் என்பேன். காயப்போடத் துணி இல்லாத நாளில் காய்ந்த துணியையே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

திருநீற்றுப் புதன் வந்தது. அன்றிலிருந்து ஈஸ்டர்வரை தவக்காலம். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அந்த நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பவர்கள் உண்டு. மத்தியானம் ஒரு வேளைச் சாப்பாடு, காலையிலும் இரவிலும் ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கலாம். அவள், ஞாயிற்றுக்கிழமை தவிர அத்தனை நாளும் ஒருசந்தி என்று நேர்ந்துகொண்டாள். வேலை கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதல்.

அம்மா உருகிப்போனாள். கோயில் பெண்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். “ஒருசந்தி இருந்துகிட்டே அம்புட்டுத் தூரம் ஓடுது அந்தப் பிள்ள.” நான் காலையில் தட்டில் இட்லி வைத்துக்கொண்டு உட்காரும்போது என் பக்கம் திரும்பி, “அதுக்கு முடியுது, ஒனக்கு முடியல” என்றாள். நான் சட்னியைத் தொட்டுக்கொண்டேன்.

என்னிடம் பதில் இருந்தது. அந்த வாரமே பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டிருந்தேன். உடம்பால் கடுமையாக உழைக்கிறவர்களுக்கு இந்தக் கடன் இல்லை என்றும், ஓடுகிற பெண் சாப்பிடத்தான் வேண்டும் என்றும், வேறு எதையாவது விட்டுக்கொடுத்தால் போதும் என்றும் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அம்மாவிடம் அதைச் சொன்னால் என் மானம் பிழைக்கும். ஆனால் முன்னறையில் அவள் காதிலும் விழும். சாமியாரே சொல்லிவிட்டார் என்றால் அவள் சாப்பிட்டுவிடுவாள். அதனால் தின்னிப் பெயரை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

மூன்றாவது வாரம் அவளுக்குக் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. பங்குனி வெயில் ஏறிவிட்டிருந்தது. கடைசிச் சுற்றில் நொண்டிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். எப்படிப் பிடித்துக்கொள்ளும், எங்கே வலி உருளும் என்று எனக்கு அத்துப்படி. போய்க் குனிந்து காலை நீட்டிவிட்டேன், பாதத்தை அவள் முகத்துப் பக்கமாக மடக்கிப் பிடித்தேன். அந்த உதவியை எல்லாரும் பார்க்கும்படி செய்தேன். வழியை மட்டும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளே கேட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

“அக்கா, ஒங்களுக்கும் முன்னாடி இப்பிடித்தான் இழுக்கும்னு டீச்சர் சொன்னாங்க. இப்ப இழுக்கறதே இல்லயே, என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணல. தானா சரியாப் போச்சு.”

“எனக்கும் சரியாயிரும்லக்கா?”

“ஆயிரும், ஆயிரும்.”

அவள் நிம்மதியானாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யாரையும் சந்தேகப்படாமல் இருக்க அவளுக்கு எங்கிருந்து வசதி வந்தது என்று நினைத்தேன். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் என் பையைக் குடைந்து பார்த்திருப்பேன்.

தேர்வு நாளும் தவக்காலத்திலேயே விழுந்தது. அவள் வெறும் வயிற்றோடு கிளம்பினாள். அம்மா அவள் நெற்றியில் சிலுவை போட்டாள், பிறகு எனக்கும் போட்டாள். அந்த வரிசைகூட எனக்கு மறக்கவில்லை. நானூறு மீட்டரில் இருவரும் தேறினோம், அவள் என்னைவிட வெகுவாக முன்னால். நீளம் தாண்டுதலும் பந்து எறிதலும் முடிந்தன. இருநூறு மீட்டருக்குக் கூப்பிடும்வரை வெயிலில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அவள் உதடு வெடித்திருந்தது. சட்டை முதுகில் வேர்வை காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

“அக்கா, ஒரு மடக்குத் தண்ணி குடுங்க.”

பாட்டில் என் மடியில் இருந்தது. பாதிக்கு மேல் இருந்தது. கொடுத்தால் உப்பும் புளிப்பும் நாக்கில் பட்டுவிடும், இது என்னக்கா என்று கேட்பாள்.

“தீந்துபோச்சு” என்றேன்.

அவள் எழுந்து, காவலர் ஒருவரிடம் அனுமதி கேட்டு, மூலையில் வைத்திருந்த கேனில் வெறும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். வளைவு திரும்பும்வரை அவள்தான் முதலில் இருந்தாள். நேர்ப்பாதைக்கு வந்ததும் ஒரு கால் தரையில் ஊன்ற மறுத்தது, விழுந்தாள். மற்றப் பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். கையை ஊன்றி எழுந்து, இரண்டு எட்டு வைத்து, மறுபடி விழுந்தாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம் இருந்திருக்கும். பிறகு பயம் வந்தது, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். அடுத்த கூட்டத்தில் நான் ஓடினேன். என் கால் இழுக்கவில்லை. பின்னால் பட்டியல் வந்தபோது அதில் என் எண் இருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலம் அம்மா அவள் காலை மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்தாள். அவள் தேர்வில் தோற்றதற்கு அழுதாளே தவிர யாரையும் குறை சொல்லவில்லை. “நான் இன்னும் நல்லா ஜெபிச்சிருக்கணும்” என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் இருக்க முடியாமல் மாடிக்குப் போனேன். தோற்றுப்போயும் அம்மாவின் மடி அவளுக்குத்தான் என்ற பொறாமையும் கூடவே மாடியேறி வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். இதைச் சொல்லத்தான் போனேன். முழங்காலில் நின்றதும், அம்மாவிடம் கோபமாகப் பேசினேன், ஒரு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று ஒப்பித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் அவள் ஊருக்குக் கிளம்பினாள். முன்னறைக் கட்டிலில் பையை வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அறிவிப்பு வரும்போது மறுபடி எழுதப்போவதாகச் சொன்னாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சீனி, எப்போது குடிக்க வேண்டும் என்பதில் ஆரம்பித்தேன். வெறும் வயிற்றில் ஓடக் கூடாது என்பது, படிக்கட்டு விளிம்பு, முப்பது எண்ணுவது, ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்ல ஓடுவது எல்லாம் சொன்னேன். அவள் அவசரமாகப் பேனாவைத் தேடியெடுத்துத் தேர்வு வழிகாட்டிப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுத ஆரம்பித்தாள்.

“குதிகாலக் கீழ இறக்கணும், மேல தூக்கக் கூடாது. அப்பிடித்தானக்கா?”

“ஆமா. ஒருசந்தியும் வேணாம். சாமியார்கிட்டக் கேட்டேன். ஓடுறவங்களுக்கு அது கெடையாதுன்னுட்டார்.”

அவள் எழுதுவதை நிறுத்தினாள். இப்போது கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். எப்போது கேட்டீர்கள், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாள், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். அவள் நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது.

“நான் விழுந்தப்புறம் எனக்காகவாக்கா இம்புட்டும் போயி விசாரிச்சீங்க?”

வாசற்படியில் அம்மா, அவளுக்குக் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். மூன்று மாதமாக அவளை மட்டும் பார்த்த அந்தப் பார்வையால் என்னைப் பார்த்தாள். பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு வந்து என் தலையைத் தடவினாள்.

“ஆமா” என்றேன்.