கரண்டியில் கறுப்பு பியர்

நுவரெலியாவில் கிடைத்த ஒரே போத்தல், பெல்ஜியப் பாணிக் கறுப்பு பியர். தலவாக்கலையில் நண்பன் சிவா வீட்டில் ஜில்லென்று திறந்து, என் பியர்க் குறிப்பேட்டில் ‘கசப்பு மட்டும், பத்துக்கு நாலு’ என்று எழுதியபின்தான் தோன்றுகிறது: இவன் தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவனாயிற்றே. கிளாஸை நீட்டுகிறேன். கரண்டியில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுகிறான்; வேலைப் பழக்கத்தில் வாசலில் துப்பியும் விடுகிறான்.

“அடப்பாவி, இருக்கிறதே ஒரு போத்தல்டா.”

“நீ ஐஸுக்கு மார்க் போட்டிருக்க மச்சான். குளிர் எறங்கட்டும். உள்ள கித்துள் கருப்பட்டி ஒளிஞ்சிருக்கு.”

நம்பாமல் கிளாஸை உள்ளங்கைகளில் பொத்திவைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் கருப்பட்டி வருகிறது. பின்னாலேயே கராம்பு, உலர்ந்த திராட்சை. நாலை அடித்துவிட்டு எட்டு போடுகிறேன்.

நாளைக் காலை தொழிற்சாலையில், அவன் ருசி பார்க்கும் மேசையில் தேநீருக்கு நான் மார்க் போடப்போகிறேன். அங்கே கட்டாயம் துப்ப வேண்டுமாம், அதையும் பார்த்துவிடலாம்.