வடக்குச் சுவரோரம் தேய்ந்த கல்

சேனாபதி என் பெரியம்மாவின் இரண்டாவது மகன், எனக்குத் தம்பி. அவன் கட்டியது எங்கள் சின்ன மாமன் மகள் வசந்தாமணியை. ரொம்ப வருஷமாக இரண்டு பேரும் அமெரிக்காவில், பார்சிப்பனி என்கிற ஊர்ப் பக்கம்தான். அவன் பாலம் கட்டும் இன்ஜினியர், அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஒன்றைக் கேட்டால் பதில் கிடைக்கும்வரை விடமாட்டாள். பெற்ற அப்பனான மாமனே அவளைக் கண்டால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார்.

அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே ஒரு சின்னக் கல் சர்ச். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஏதோ கிராமத்தில் கட்டியதாம். அந்த ஊர் காலியாகிப்போக, அமெரிக்கப் பணக்காரர் ஒருவர் அதை வாங்கி, கல்லுக்குக் கல் எண் போட்டுப் பிரித்து, கப்பலில் கொண்டுவந்து இருந்தது இருந்தபடியே அடுக்கிவிட்டார். சுவர் அவ்வளவு தடிமன், ஜன்னலோ ஆள் தலை நுழையாத அகலம். மேலே ஓக் மரக் கூரை. அதில் ஓர் இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மர முளைதான்.

அந்தக் கூரையைப் பார்த்துவிட வேண்டும் என்று சேனாபதிக்கு ஆசை. ரிட்டயர் ஆனதும் போகலாம் என்றிருந்தான். அதற்குள் பக்கவாதம் வந்து வீல்சேரில் உட்கார வைத்துவிட்டது. சர்ச்சின் மேற்கு வாசலிலோ செங்குத்தான படிகள், சரிவு போட இடமில்லை. பழைய கட்டடம் என்பதால் புதிதாக வாசல் வெட்டவும் விடமாட்டார்களாம்.

"நாலு பேரக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்லட்டுங்களா?" என்றாள் வசந்தாமணி.

"நாலு பேரு தூக்கற நாள் தன்னால வரும் புள்ள. இப்பவே ரிஹர்சல் எதுக்கு?"

சனிக்கிழமை சனிக்கிழமை அவளே போய்க் கூரையை வீடியோ எடுத்து வருவாள். அவன் பார்த்துவிட்டு, "ஜாயின்ட் தெரியல" என்று போனைத் திருப்பிக் கொடுப்பான்.

போன கோடையில் நானும் அவளோடு போனேன். எந்தச் சாமியின் இடமானாலும் அவள் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிடுவாள். எலன் என்கிற பெண் பாதிரியார் சிரித்துச் சிரித்து, பிறகு பழகிவிட்டாராம். வடக்குச் சுவரோரம் நடந்தவள் சட்டென்று நின்றாள்.

"அண்ணி, இங்க வந்து நில்லுங்க."

நின்றேன். கால் அமிழ்ந்தது. தரைக்கல் தட்டு மாதிரிக் குழிந்திருந்தது. எதிரே வெறும் சுவர்.

"நம்மளாட்டம் பிரகாரம் சுத்தியிருப்பாங்களோ?" என்று சுவர் நெடுகக் காலால் தடவிக்கொண்டே போனாள். வேறெங்கும் குழியில்லை. "அப்ப சுவத்துக்குள்ள போறதுக்கா இத்தனை பேரு நடந்தாங்க?"

எலனையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தோம். கொடியை விலக்கினால் வாசல் வளைவு ஒன்று தெரிந்தது, நடுவில் வேறு நிறக் கல் வைத்து அடைத்திருந்தது. எலனுக்குக் கண் விரிந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பேய் வெளியே போகட்டும் என்று அந்தக் காலத்தில் வடக்கு வாசலைத் திறந்து வைப்பார்கள் என்றொரு பேச்சு உண்டாம். பிற்பாடு அந்த வழக்கம் போய், வாசலையே அடைத்துவிட்டார்களாம். அடைத்த வாசலையும் அடைத்தபடியே எண் போட்டுக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள், மகராசன்கள்! அந்தப் பக்கம் வெளியே மண்மேடு வேறு, சர்ச்சின் உள்தரை மட்டத்துக்குச் சரியாக இருந்தது. படியே வேண்டாம்.

பழைய கட்டடங்களுக்கான கமிட்டி குளிர்காலம் முழுக்க வாதாடியது. வசந்தாமணி ஒரு மீட்டிங் விடவில்லை. கடைசியில், சுவரை உடைக்கக் கூடாது, இருந்த வாசலைத் திறக்கலாம் என்றார்கள்.

"பேய் போன வழியில என்னைக் கூட்டிட்டுப் போறயா?" என்றான் சேனாபதி.

"அது வெளிய போன வழிங்க. நீங்க உள்ள போறீங்க."

மே மாதம் அந்த வாசல் வழியே அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். அவன் அண்ணாந்த தலையை இறக்கவேயில்லை. அவள் பயந்துபோய் முன்னால் வந்து முகத்தைப் பார்த்தாள்.

"வசந்தா, அந்த நடு உத்தரத்துல பாரு. ரெண்டு முளை ஓட்டை காலியாக் கிடக்குது. தச்சன் அளவு தப்பி, மறுபடி தள்ளிப் போட்டிருக்கான்."

"எங்கீங்க? எந்த ஓட்டை?"

நின்று பார்த்தாள், தெரியவில்லை. பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தாள். பூட்ட வந்த எலனும், சாவியைக் கையில் வைத்தபடி, எதிர் பெஞ்சில் படுத்துக்கொண்டார்.