இடுக்கியில் எத்தனை அடி?

என் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் எதிர்வீட்டு வேதமாணிக்கம் உட்காருவார். என் வீடு, என் விசிறி, என் தலை. அதன் கீழே நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "காத்துதான் ஜன்னல் வழியா வருதுல்லா, பின்ன இது என்னதுக்குவே?" என்பார். ஏப்ரல் மாதத்துத் திருவனந்தபுரத்தில் ஜன்னல் வழியாக வருவது பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கும் வாசனை மட்டும்தான். பிறகு என் கையிலிருந்து பேப்பரைப் பிடுங்கி, கேரளத்துக்கு மின்சாரம் தரும் இடுக்கி அணையின் நீர்மட்டம் போட்டிருக்கும் மூலையைத் தேடுவார். "நேத்தைக்கும் இன்னைக்கும் முக்கால் அடி குறஞ்சாச்சு. உமக்கு ஃபேன் கேக்குது!" அந்த முக்கால் அடியையும் நானே குடித்துவிட்ட மாதிரி ஒரு பார்வை வேறு.

இருபத்தொன்பது வருடம் மின்வாரிய மீட்டர் ரீடராக நேமம் வட்டாரம் முழுக்க நடந்தவர். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆயிற்று. இப்போதும் யார் வீட்டுக்குப் போனாலும் ஆளை விசாரிக்குமுன் மீட்டரை விசாரிப்பார். அதற்குள் ஓடும் சக்கரத்தைப் பார்த்தே உள்ளே மோட்டார் ஓடுகிறதா, மிக்சி ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார். சரியாகச் சொல்வார், அதுதான் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஆசீர்வாதம் சொல்லத் தொடங்கும்போதே சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். ஆமென் சொன்ன வாயை நாங்கள் மூடுமுன் பன்னிரண்டு விசிறிகளும் நின்றுவிடும். சாயங்காலம் அரை மணி மின்வெட்டு வந்து ஊரே புலம்பும்போது, இவர் மட்டும் வாசலில் நாற்காலி போட்டுக் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

வாதாடிப் பார்க்காமல் இல்லை. நான் டெக்னோபார்க்கில் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவன். உலகம் கதவைத் திறந்ததில் சோறு தின்பவன். "சீனாவுல மலைமலையா நிலக்கரி எரிக்கான் அண்ணாச்சி. எனக்க ஃபேன நிறுத்தினா உலகத்துச் சூடு குறஞ்சிருமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சீனாக்காரனுக்க மீட்டரயா நான் ரீடிங் எடுத்தேன்? உம்ம மீட்டரத்தானவே எடுத்தேன்."

அவருடைய மருமகன் விஜின் குவைத்தில் எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறான். பூமிக்கடியில் இன்னும் நூறு வருடத்துக்கு எண்ணெய் உண்டு, கவலைப்படாதீர்கள் மாமா என்று அவன் போனில் தேற்றினான். "அது தீந்த பொறவு?" என்றார் இவர். அப்போது நாம் இருக்க மாட்டோமே என்றானாம். "நம்ம பிள்ளையளுக்க பிள்ளைய இருக்குமே மாப்பிள!" என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அந்தச் சண்டை இந்த 2004 கோடையில் வீட்டுக்குள்ளேயே வந்தது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஷிஜி மூன்று வருடம் கழித்து ஊருக்கு வருவதாகச் சொன்னாள். கூடவே ஒன்றரை வயதுப் பேரன். தாத்தாவும் பாட்டியும் அவனைப் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து ஏசி அறையிலேயே வளர்ந்த பிள்ளை, சூடு தாங்காது என்றாள். கொல்லத்தில் விஜின் வீட்டில் ஏசி உண்டு, இங்கே வைக்காவிட்டால் அங்கேயே தங்கிக்கொண்டு ஒரு பகல் வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறோம் என்றும் சொல்லிவிட்டாள்.

"ஒரு ஏசி இருபத்தஞ்சு ஃபேனுக்குச் சமம். நான் செத்த பொறவு வைங்க" என்றார் வேதமாணிக்கம்.

அவர் மனைவி ஞானபாய் அன்றோடு பேச்சை நிறுத்தினார். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் என் வீட்டுக்கு வந்து அழுதார். "தம்பி, இவியளுக்கு டேமு பெருசு, எனக்கு எனக்க பேரன் பெருசு. நீங்க ஒண்ணு பறஞ்சு பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே போய்க் கத்தினேன். "அந்தப் பிள்ள உங்கள யாருன்னே தெரியாம வளரப்போவுது அண்ணாச்சி. அத எந்த மீட்டர்ல பாப்பிய?"

மறுநாள் அவர் என் விசிறியை அணைக்க வரவில்லை. அதற்கு மறுநாள் அவர் வாசலில் டெம்போவில் ஏசி வந்து இறங்கியது.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஷிஜி வந்த மறுநாள் காலையில் மீன்குழம்பு, கோழி, பால் பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் சுமந்து வந்து என் ஃபிரிட்ஜில் அடைத்தார். அவர் வீட்டு ஃபிரிட்ஜை நிறுத்தியாயிற்றாம். என் மீட்டர் சக்கரம் ஓடாதா என்று கேட்டேன். "அது எப்படியும் ஓடத்தானவே செய்யும்" என்றார்.

அன்று நண்பகல் அங்கே போனேன். டிவி, விசிறிகள், விளக்குகள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஞானபாய் ஓலை விசிறியால் வீசிக்கொண்டு, "இருபத்தஞ்சு ஃபேனுக்கு ஈடு கட்டுகாவ" என்று பல்லைக் கடித்தார். ஏசி அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே தாயும் பிள்ளையும் உறக்கம். வெளியே, கதவை ஒட்டி வெறுந்தரையில் வேதமாணிக்கம், உடம்பெல்லாம் வியர்வையாக உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போய்ப் பேரன் பக்கத்துல படுக்கப்படாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ஆள் கூடினா அது கூடுதல் கறண்டு இழுக்கும்வே."

சொல்லிவிட்டுக் கதவுக்கும் தரைக்கும் நடுவே கையை நீட்டிப் பார்த்தார். உள்ளிருந்து குளிர் கசிந்துகொண்டிருந்தது. தோளில் கிடந்த தோர்த்துத் துண்டை எடுத்தார். முகத்தைத் துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அதை நீளமாக மடித்து, பிள்ளை விழித்துவிடாதபடி, அந்தச் சந்தில் மெல்ல மெல்லச் செருகினார்.