தூறலில் திறக்காத வால்வு

2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்று ஐம்பத்தைந்து. கடப்பாக்கத்தில் கடும் வெயில். கடல் பக்கமும் மேகம் இல்லை, மேற்கிலும் இல்லை. இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்லக் காரணம், அந்த நிமிடத்தில் நான் அண்ணாந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஒரு கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொன்னேன்.

நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். வயது எழுபத்திரண்டு. செங்கல்பட்டில் வீட்டில் இருந்த என்னை ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிட்டு, சூரியசக்தி மோட்டார் வைத்துச் சொட்டுநீர் பாய்ச்சுவது எப்படி என்று விவசாயிகளுக்குச் சொல்லித்தரச் சொன்னது. பாடத்தைப் பதினொரு குறிப்புகளாகப் பிரித்துக்கொண்டேன். பேனலை எப்போது துடைப்பது, ஃபில்டரை எத்தனை நாளுக்கொருமுறை கழுவுவது, குழாயின் கடைசி மூடியைத் திறந்து அலசுவது, வெயில் நாளில் மேல்தொட்டியை நிரப்பி வைத்துக்கொள்வது என்று பத்து குறிப்புகள் சுலபமானவை.

பதினொன்றாவதுதான் சிக்கல். கடலோரக் கிணறுகளில் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் செடியைச் சுற்றி ஒரு ஈர வட்டம் உண்டாகும். துணியில் தண்ணீர்க் கறை காய்ந்தால் ஓரத்தில் கோடு விழுகிறதல்லவா, அதுபோல உப்பெல்லாம் வட்டத்தின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். நடுவில் வேர் சுகமாக இருக்கும். பெருமழை பெய்தால் உப்பைக் கீழே அடித்துக்கொண்டு போய்விடும். சின்னத் தூறல்தான் ஆபத்து. ஓரத்து உப்பைக் கரைத்து வேருக்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் தூறும்போது சொட்டுநீரை நிறுத்தக்கூடாது, உப்பு வேருக்கு வராமல் ஓரத்துக்கே தள்ளிக்கொண்டிருக்கத் திறந்துவிட வேண்டும். மேகம் மூடினால் மோட்டார் ஓடாது. அதற்காகத்தான் மேல்தொட்டி.

முன்பு வேறொரு ஊரில் இதைச் சொன்னபோது, மழையில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் வாத்தியார் என்று ஒருவர் சொல்ல, மொத்தக் கூட்டமும் சிரித்தது. காலையிலிருந்து தண்ணீரைச் சேமி என்று சொன்ன வாயால் நான் அதைச் சொல்லியிருந்தேன். அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை.

கடப்பாக்கத்து வகுப்பு நடந்த நாற்பது சென்ட் நிலம் சவூதியிலிருந்து திரும்பிவந்த ஒருவருடையது. பதினான்கு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். மிச்சம் பிடித்த பணத்தில் பேனலும் குழாயும் போட்டு, மிளகாய் நடத் தயாராக இருந்தார். அவரையும் சேர்த்து நான்கு பேர் ஜும்மா தொழுகைக்குப் போக வேண்டும். பன்னிரண்டுக்கு முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பத்தாவது குறிப்பு முடிந்ததும் அவரே கேட்டார்.

"மழ வந்தா இன்னா சார் பண்றது?"

ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. சொல்லியிருக்கலாம். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மழை வந்தா உனக்கு என்னப்பா வேலை? குடை புடிச்சிக்கிட்டு நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை எனக்காகச் சிரித்தார்கள். வகுப்பை முடித்தேன். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று அன்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அடுத்தவர் தொழுகையின்மேல் என் கோழைத்தனத்தைச் சுமத்தியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நாற்று நட்ட முப்பத்தைந்தாம் நாள் மாலை இருபது நிமிடம் தூறியது. மூன்று நாள் கழித்து அவரிடமிருந்து போன். நான் போய்ப் பார்த்தபோது இலை ஓரமெல்லாம் கருகி, செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. ஒரு வரிசையில் நூறு செடி எண்ணினேன். அறுபத்தைந்து போயிருந்தது. தூறலன்று தொட்டியில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டேன்.

"ஃபுல்லா இருந்திச்சி சார். அதான் மழயாச்சே, வேஸ்ட்டு பண்ணுவானேன்னு தொறக்கல."

அதற்குள் நாற்று விற்றவர் கருங்குழியிலிருந்து பைக்கில் வந்து இறங்கினார். நிலத்துக்காரர் அவரையும் வரச் சொல்லியிருக்கிறார். நோய் பிடித்த நாற்றைக் கொடுத்து ஏமாற்றிவிட்டாய் என்று இவர் பிடித்துக்கொண்டார். மதுராந்தகம் வரைக்கும் ஒரு ஆள் உன்னிடம் நாற்று வாங்காதபடி செய்துவிடுவேன் என்றும் சொன்னார். நாற்றுக்காரர் தன் நாற்றில் குற்றமே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"சார் படிச்சவரு. அவரே சொல்லட்டும் அண்ணாத்த" என்றார் நாற்றுக்காரர். தன் நாற்றின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை. நாற்று என்றால் சில சமயம் இப்படி ஆவதுண்டு என்று சொன்னேன்.

நாற்றுக்காரர் இரண்டாயிரத்து அறுநூறு நாற்று சும்மா தருவதாக ஒத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு டீ வந்தது. லேசாக உப்புக் கரித்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் கருங்குழிக்குப் பஸ் ஏறினேன். நிழல்வலைக்குள் நாற்று வளரும் குழித்தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவரிடம், உப்பு, தூறல், தொட்டி, நான் சொல்லாமல் விட்டது எல்லாவற்றையும் சொல்லி, நாற்றுக்கான மூவாயிரத்து நூற்று இருபது ரூபாயை நீட்டினேன். அவர் பணத்தைப் பார்க்கவே இல்லை.

"அன்னிக்கி நானும் அங்கியே தான நின்னுகினு இருந்தேன். என் மூஞ்சியப் பாத்துகினே சொன்னியே சார்."

பணத்தை நீட்டியபடியே நின்றேன்.

"காசு அப்பறம். மொதல்ல அங்க வந்து வாயத் தொறந்து சொல்லு. வண்டில ஏறு."

வழியில் ஒரே ஒரு தடவை, உப்புதான் காரணம் என்றால் நெம்மேலியில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்குகிற தொழிற்சாலையையே தூக்கிக்கொண்டுவந்து வைக்கச் சொல்லலாமே, நாற்றுக்காரன்தானா கிடைத்தான் என்றார். நான் அவர் தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நிலத்துக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். ஆசிரியனாக முப்பத்திநான்கு வருஷம் பேசியவனுக்கு அன்று நான்கு வாக்கியத்துக்குமேல் வரவில்லை. அவர் குழாயைக் கீழே போட்டார்.

"நான் கேட்டேனே சார்."

"கேட்டே."

அவர் திரும்பி நாற்றுக்காரரைப் பார்த்து, "கோச்சிக்காத அண்ணாத்த, நான்தான் வார்த்தைய வுட்டுட்டேன்" என்றார். நாற்றுக்காரர் என் பக்கம் கையை நீட்டினார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பெட்ரோலுக்கு நூறு சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

மறுநடவுக்கும் போனேன். அதற்கு முன் தொட்டியைத் திறந்து நிலத்தை நன்றாக நனைத்து, உப்பை இறங்கவிடச் சொல்லியிருந்தேன். நான்கு பெண்கள் ஒரு நாள் நட்டார்கள். கூலியை நான் கொடுத்தேன். நிலத்துக்காரர் தடுக்கவில்லை.

செப்டம்பர் நடுவில் ஒரு மாலை அவர் போன் செய்தார்.

"சார், இங்க தூறுது. வால்வத் தொறந்து வுட்டுட்டேன். நீங்க சொன்ன மாரி குடையும் புடிச்சிக்கினு நிக்கிறேன்."

சிரித்தாரா என்று தெரியவில்லை. குடைமேல் தூறல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. நல்லது என்றேன். வைத்துவிட்டார்.

இப்போதெல்லாம் வகுப்பைப் பதினொன்றாவது குறிப்பில்தான் தொடங்குகிறேன். சிரிக்கிறார்கள். சிரித்து முடிக்கும்வரை நின்று, மறுபடியும் சொல்கிறேன்.

அவருக்கு ஒரு மாதக் காய்ப்பு தள்ளிப்போனது. அதற்கு அவர் விலை கேட்கவில்லை, நானும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்காமல் பார்த்தால், நாற்றுக்கு 3,120, பெட்ரோலுக்கு 100, நடவுக் கூலி 1,600, பஸ்ஸுக்கு 246. மொத்தம் ஐயாயிரத்து அறுபத்தாறு ரூபாய்.