இரண்டாவது கோப்பை

என் அப்பா யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஒஸ்லோவில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் இது பேர்போன கதை. பிறந்தநாளோ செத்தவீடோ, எங்கே போனாலும் தட்டோடு ஒருவர் வருமுன்பே அப்பாவின் கை உயர்ந்துவிடும்.

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

முழுப் பொய். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றுமுன்பே கேத்திலைப் போடுவார். சின்ன வயதில் எனக்கு இது பெரிய வெட்கக்கேடாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. எங்கள் ஆட்களோ இதற்குத் தாங்களே ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். ஆள் அந்தக் காலத்து ஆசாரக்காரர், கண்ட இடத்தில் கை நனைக்காத உயர்ந்த குடும்பம் என்பது அவர்களுடைய முடிவு. யார் வீட்டில் கை நனைத்துச் சாப்பிடலாம், யார் வீட்டில் கூடாது என்பதில் எங்கள் சனத்துக்கு இருக்கும் ஞானம் வேறு எதிலும் கிடையாது. இந்தக் குளிரிலும் அது உறையவில்லை.

நான் துரொண்ட்ஹெய்மில் படித்தபோது பழகியவரையே கட்டுவதென்று முடிவெடுத்தேன். ஸ்ட்ரோம்மனில் இருக்கும் அவருடைய தாய் எங்களைப் பற்றித் துருவித் துருவி விசாரித்தார். போரில் எங்கள் ஊரே இடம்பெயர்ந்து, சொந்தக்காரர் நாலு நாட்டில் சிதறிப்போனதால் அவருக்கு ஒரு விபரமும் அகப்படவில்லை. அகப்பட்டது இது ஒன்றுதான். தொலைபேசியில் என்னிடமே சொன்னார்.

"உங்கடை அப்பா ஒரு இடமும் கை நனைக்காத ஆளாமே. கேக்கச் சந்தோசமா இருக்கு. நல்ல குடும்பம் எண்டு அதிலையே விளங்குது."

இதை நான் அப்பாவிடம் பகிடியாகச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார்.

அந்த வசந்தத்தில்தான் எங்கள் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் டுக்னாட் வந்தது. குடியிருப்பவர்கள் எல்லாரும் ஒன்றுகூடிச் சருகு வாரி, முற்றத்தில் உட்காரும் வாங்குகளுக்கு வர்ணம் அடித்து, கடைசியில் நீண்ட மேசையில் வாஃபலும் கோப்பியுமாக உட்காரும் நாள் அது. அப்பா எல்லாரையும்விட அதிகம் வேலை செய்வார். கோப்பிக் குடுவை மேசைக்கு வந்ததும் ஆள் மாயமாகிவிடுவார். இந்த முறையும் வாருகோலைச் சுவரில் சாத்திவிட்டு நழுவப் பார்த்தார். கீழ்மாடியில் இருக்கும் அமெரிக்கப் பெண்மணி கைத்தடியை நீட்டி வழியை மறித்தார்.

அவர் அப்பாவைவிட மூத்தவர். கறுப்பினத்தவர். ஒரு நோர்வேஜிய மாலுமியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, அவரை இங்கேயே புதைத்துவிட்டுத் தனியாக இருப்பவர். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவருடைய நோர்வேஜியத்தில் ஒரு அமெரிக்க இழுவை உண்டு.

"எங்கே ஓடுகிறாய்?" என்று கேட்டார். இந்த நாட்டில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான்.

இப்போதுதான் குடித்தேன் என்று அப்பா நோர்வேஜியத்தில் சொன்னார்.

"காலையிலிருந்து நீ என் கண்முன்னால்தான் நிற்கிறாய். வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தபோது என் அம்மாவும் இதே பொய்யைத்தான் சொல்லுவாள். உனக்குக் கோப்பை தரமாட்டேன் என்று சொன்னது யார்?"

நான் பிறந்ததிலிருந்து அப்பாவிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது. என்னையும் சேர்த்துத்தான். பெண்மணி எங்கள் இருவரையும் தன் சமையலறைக்குக் கூட்டிப்போய் இருத்தினார். கோப்பி கொடுக்கவில்லை. முதலில் தன் கதையைத்தான் சொன்னார்.

அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு சிறு நகரம், அறுபதுகளின் தொடக்கம். அங்கிருந்த பெரிய கடையில் அவர் சீப்பு வாங்கலாம், நூல்பந்து வாங்கலாம். அதே கடையின் மூலையில் வெள்ளையர்கள் இருந்து கோப்பி குடிக்கும் மேசையில் மட்டும் இருக்க முடியாது. அவரும் கல்லூரித் தோழர்களும் போய் இருந்தார்கள். அதற்கு முன்னால் தேவாலயத்தின் நிலவறையில் ஒத்திகை பார்த்தார்களாம். ஒருவர் திட்ட, ஒருவர் தலைமயிரைப் பிடித்து இழுக்க, மற்றவர்கள் கை ஓங்காமல் இருந்து பழகவேண்டும். கடையில் அவர் தலையில் சீனியைக் கொட்டினார்கள், கழுத்தில் சிகரெட்டால் சுட்டார்கள். அவர் எழும்பவில்லை. அடுத்த நாளும் நல்ல சட்டையை அழுத்திப் போட்டுக்கொண்டு போய் அதே கதிரையில் இருந்தார்.

"எனக்குக் கோப்பி தராத நாடு என் தம்பிக்குக் கேட்காமலே துவக்கைக் கொடுத்தது," என்றார். தம்பி வியட்நாமிலிருந்து பெட்டியில்தான் திரும்பினான். அதற்குப் பிறகு போருக்கு எதிரான ஊர்வலங்களுக்கும் நடந்தாராம். "எங்களையும் அந்த மேசையில் இருக்கவிட்ட சட்டத்தில் பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட படம்தான் எல்லாருக்கும் ஞாபகம். எங்கள் கால் வீங்கியதை யார் படம் பிடித்தார்கள்?"

பள்ளிக்கூடத்தில் நான் இதைப் பாடமாகப் படித்துச் சோதனையும் எழுதியவள். அந்தப் பாடம் என் வீட்டுக்குக் கீழே குடியிருந்ததும், நான் லிஃப்டில் அதற்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்ததும் அன்றுதான் தெரிந்தது.

அப்பா நோர்வேஜியத்தில் ஏதோ தொடங்கினார். சொல் முட்டுப்பட்டது. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"எங்கடை ஊர்ச் சந்தியிலையும் ஒரு தேத்தண்ணிக்கடை. மற்றவைக்கு உள்ளுக்கை வாங்கும் கிளாசும். எங்கடை சாதிக்கு வெளியிலை நிலமும் வெறும் போத்திலும். குடிச்சிட்டு நாங்களே கழுவிக் கவிட்டு வைக்கோணும். நானும் கொஞ்சப் பெடியளும் ஒருநாள் உள்ளுக்கை போய் வாங்கிலை இருந்தம். தரேல்லை. பொழுதுபட மட்டும் எழும்பேல்லை. பேந்து கல்லு வந்துது. அடுத்த கிழமையும் போனம். கடைசியிலை தந்தாங்கள்."

நான் மொழிபெயர்த்தேன். பெண்மணி சாய்ந்திருந்து கேட்டார்: "தேநீர் எப்படி இருந்தது?"

"சாயமே இல்லை," என்றார் அப்பா. "வெறும் சுடுதண்ணி."

"எனக்குக் கிடைத்த கோப்பியும் அப்படித்தான். பாதியை வைத்துவிட்டு வந்தேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா என்னிடம் சொன்னார்: "கடையிலை குடிக்கிறது எங்கடை உரிமை, பிள்ளை. வீட்டிலை தாறது அவையின்ரை மனம். நான் ஆர் எண்டு தெரிஞ்சா இதே கோப்பையிலை தருவினமோ எண்டு யோசிச்சா எனக்கு இறங்காது. களவாக் குடிக்கிற மாதிரி இருக்கும்."

பெண்மணி அதற்குப் பிறகுதான் கோப்பி ஊற்றினார். அப்பா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

இனி ஸ்ட்ரோம்மன். சம்பந்தம் பேச எங்களை அழைத்திருந்தார்கள். அங்கே சாதியைச் சொன்னால் கல்யாணம் நின்றுபோகலாம் என்பது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உன்ரை அலுவல் குழம்பிப்போகுமே," என்றார்.

"குழம்பினாக் குழம்பட்டும். நீங்கள் சொல்லுங்கோ."

வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் பயந்தேன். நான் கட்ட இருந்தவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். "எனக்கு ஒண்டுமில்லை, அம்மாவை நினைச்சாத்தான் யோசினை," என்று அவர் சொன்னது எனக்குத் தைரியம் தரவில்லை. எரிச்சலைத்தான் தந்தது.

அவருடைய தாய் தட்டில் தேநீரோடு வந்து முதலில் அப்பாவிடம் குனிந்தார். "நீங்கள் குடிக்கமாட்டியள் எண்டு தெரியும். எண்டாலும் மரியாதைக்குக் கொண்டு வந்தனான்."

"குடிப்பன் தங்கச்சி," என்றார் அப்பா. "அதுக்கு முதல் ஒண்டு சொல்லோணும்."

சொன்னார். ஊரை, கடையை, போத்திலை, வாங்கில் இருந்ததை, கல்லை. குரல் உயரவில்லை. ஒரு சொல்லையும் மழுப்பவில்லை. என் அப்பா எவ்வளவு பெரிய ஆள் என்று நான் முழுதாகக் கண்டது அந்தச் சோபாவில்தான். சொல்லி முடித்துவிட்டு அந்தத் தாயைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப அந்தத் தட்டிலை எனக்கு ஒரு கோப்பை இருக்கோ?"

மகன் எழும்பித் தட்டை வாங்கப் போனார். "நீ இரு," என்றார் தாய். முகம் சிவந்திருந்தது. பிறகு தானே ஒரு கோப்பையை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார்.

அப்பா ஆறுதலாகக் குடித்து முடித்தார். எங்கள் வீட்டில் அவர் தன் கோப்பையைத் தானே கழுவாமல் விட்டதை நான் கண்டதில்லை. அங்கே அதை மேசையின் நடுவில், அடியில் மண்டி கிடக்க, அப்படியே வைத்தார். அந்தத் தாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குரலில் பாசம் வழிந்தது என்று பொய் சொல்லமாட்டேன்.

"இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி விடட்டே, அண்ணை?"

"விடுங்கோ," என்றார் அப்பா.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது கீழ்மாடிக் கதவு திறந்தே இருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண்மணி வாசலில் நின்றார். எப்படி இருந்தது என்று அவர் கேட்குமுன்பே அப்பா தன் உடைந்த நோர்வேஜியத்தில் சொன்னார்:

"சீனி கூடிவிட்டது. ஆனால் இரண்டு கோப்பை குடித்தேன்."